கடற்பாசியின் சான்று

நீர் நல்லதோ தீயதோ என்று அறிய விரும்புவோர் அந்நீரையே முகந்து பார்ப்பது வழக்கம். கலங்கலைக் கண் காட்டிவிடும். உவர்ப்பை நாக்கு உணர்த்தும். அழுகலை மூக்கு அறியும். கிணற்றுக்கும் குளத்துக்கும் இம்முறை போதும். கடலுக்கோ போதாது. காலையில் ஒரு துறையில் நின்ற நீர் மாலையில் அத்துறையில் இராது. ஓதம் ஏறும், இறங்கும். நீரோட்டம் ஒரு கரையின் நீரை மற்றொரு கரைக்குக் கொண்டு சேர்க்கும். அன்றியும், அணு ஆலைகளிலிருந்து கழிந்து வரும் கதிரியக்கப் பொருளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. கடலில் விழுந்த அளவிலே அது மிக நுண்ணிய அளவினதாய்ப் பரந்துவிடும். ஒரு குடம் நீரை எடுத்துக் கருவியின் முன்னே வைத்தால், கருவி வாய் திறவாமல் இருப்பதும் உண்டு. கருவி பேசவில்லை என்பதனால் கடலில் ஒன்றும் கலக்கவில்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

கட்டலாகாது என்பதை உலகுக்குக் கற்பித்தது கடற்பாசி. பாறையில் ஒட்டிக் கிடந்து, அலை வரும்போது அசைந்து, அலை போனபோது துவண்டு கிடக்கும் அவ்வெளிய உயிர், மனிதர் செய்த கருவிகளுக்கு எட்டாத செய்தியைத் தன் உடலில் திரட்டி வைத்துச் சொல்கிறது. அச்சான்றை மனிதர் எவ்வாறு பெற்றனர், பெற்றதை எவ்வாறு பயன்படுத்தினர் என்பன அறியத்தக்கவை. பயன்படுத்திய முறையில் போற்றத்தக்கதும் உண்டு. ஒப்ப இயலாததும் உண்டு.

பாசி என்னும் சொல் பசுமையின் அடியாகப் பிறந்தது. ஆயினும் கடற்பாசிகள் எல்லாம் பச்சை நிறத்தன அல்ல. செந்நிறப் பாசிகளும் பழுப்பு நிறப் பாசிகளும் மிகப் பல. பெயரிட்ட முன்னோர் குளத்துப் பாசியைக் கண்டு பெயரிட்டனர் போலும். அது நிற்க. நிலத்துச் செடி வேரால் உண்ணும். கடற்பாசிக்கோ உணவூட்டும் வேர் இல்லை. அடியில் வேர்போலத் தோன்றுவது பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடியே அன்றி வேறன்று. தன்னைச் சூழ்ந்த நீரில் கரைந்துள்ள உப்புகளைப் பாசி தன் உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது. நின்ற இடம் பெயராமல், இரவும் பகலும் ஓயாமல், அது இவ்வாறு உறிஞ்சுகிறது. ஆதலின் ஒரு நொடியில் முகந்த நீர் அந்நொடியின் செய்தியை மட்டுமே சொல்ல, பாசி பல வாரங்களின் செய்தியையும் பல திங்கள்களின் செய்தியையும் ஒருங்கே சொல்கிறது. வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் முடிச்சுப்பாசி என்னும் ஒருவகை, ஆண்டுக்கு ஒரு காற்றுப்பையாகத் தன் தண்டில் தோற்றுவித்துக்கொண்டே நீளும். அப்பைகளை எண்ணி அதன் வயதைக் கூறுவர். மரத்துக்கு வளையம் எப்படியோ, அப்பாசிக்குப் பை அப்படி.

உறிஞ்சுவதோடு அமையாமல் சேர்த்து வைத்தலும் பாசியின் இயல்பு. இதனை அணுக்காலம் வந்த பிறகுதான் மனிதர் அறிந்தனர் என்று எண்ணலாகாது. 1811ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பெர்னார் குர்த்துவா என்பவர் வெடியுப்புச் செய்வதற்காகக் கடற்பாசியின் சாம்பலைக் கையாண்டுகொண்டிருந்தார். சாம்பலிலிருந்து வடித்த நீரில் கந்தக அமிலம் மிகுதியாக விழுந்தபோது ஊதாநிறப் புகை எழுந்தது. அப்புகை குளிர்ந்து கருமையான படிகமாயிற்று. அதுவே இன்று அயோடின் என வழங்கும் தனிமம். கடல்நீரில் அயோடின் மிகமிகக் குறைவு. பாசியோ அதனைத் தேடித் தேடித் தன்னுள் குவித்து வைத்திருந்தது. நல்ல அயோடினைக் குவிக்கும் பாசி, அணு உலையில் தோன்றும் கதிரியக்க அயோடினையும் வேறுபாடு அறியாமல் குவிக்கும்.

பாசிகளுக்குள் பசி ஒருதன்மைத்தன்று. பெரிய பழுப்புப் பாசிகள் அயோடினை விரும்பும். இலையில் சிறுசிறு காற்றுக் கொப்புளங்களை உடைய கொப்புளப்பாசி, டெக்னீசியம் என்னும் தனிமத்தைக் கடல்நீரில் உள்ளதைப் போலப் பல பதினாயிரம் மடங்கு திரட்டும். மெல்லிய செம்பாசி ஒன்று ருத்தீனியத்தை ஆயிரம் மடங்குக்கு மேல் சேர்க்கும். இவ்வாறு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நாட்டம் உடையது. எந்தப் பாசி எதனை நாடும் என்று அறிந்தவரே அதனிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் அறிவர்.

இங்கிலாந்தின் வடமேற்கே, ஐரிஷ் கடலின் ஓரத்தில், முன்னாளில் கம்பர்லாந்து என வழங்கிய பகுதியில், விண்ட்ஸ்கேல் என்னும் இடம் உளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைச் செய்வதற்காக ஆங்கில அரசு அங்கே உலைகளையும் ஆலையையும் அமைத்தது. உலையில் எரிந்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தபின், கதிரியக்கம் உடைய கழிவுநீர் எஞ்சியது. அதில் செறிவு மிக்கதைத் தொட்டிகளில் அடைத்தனர். செறிவு குறைந்ததைக் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட குழாய்களின் வழியே 1952 முதல் கடலில் விட்டனர். 1981இல் அவ்விடத்துக்குச் செல்லாஃபீல்டு என்று பெயர் மாற்றினர். பெயர் மாறிற்று, குழாய் மாறவில்லை.

அக்கடற்கரைப் பாறைகளில் லேவர் என்னும் செம்பாசி வளர்கிறது. தாள்போல் மெல்லியது, ஈரத்தில் பளபளக்கும், வெயிலில் காய்ந்தால் கருகிய துணிபோல் பாறையில் ஒட்டிக்கொள்ளும். கம்பர்லாந்து மக்கள் அதனைப் பறித்தனரே ஒழியப் பெரிதும் உண்டிலர். உண்டவர் தொலைவில் இருந்தனர். தெற்கு வேல்சு நாட்டில் சுரங்கத் தொழிலாளரும் கடற்கரை மக்களும் தலைமுறை தலைமுறையாக விரும்பி உண்ணும் உணவு பாசியப்பம். பெயரில் அப்பம் என்று இருப்பினும் அது மாவால் செய்வதன்று. பாசியைப் பன்முறை கழுவி, பல மணிநேரம் வேகவைத்து, கரும்பச்சை நிறக் களியாக்கி, அதனை ஓட்சு மாவில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்துக் காலையுணவாகக் கொள்வர். சுவான்சி நகரத்து அங்காடியில் இது நாள்தோறும் விலைபோகும் பண்டம். நம் இராமநாதபுரக் கடற்கரையிலும் கஞ்சிப்பாசி என ஒன்று உண்டு. அதன் பெயரே பயனைச் சொல்லும். ஆகவே பாசி உணவென்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வேல்சு நாட்டுப் பாறைகளில் விளைந்த பாசி அங்குள்ளோர் விருப்பத்துக்குப் போதாமையால், கம்பர்லாந்துக் கரையில் பறித்த பாசியை மூட்டைகளாகக் கட்டிப் புகைவண்டியில் தெற்கே அனுப்பினர்.

ஆலையின் குழாயும் சுவான்சி நகரத்துத் தட்டும் இவ்வாறு ஒரு பாசியால் இணைந்தன. குழாய்வழி வந்த பொருள்களுள் ருத்தீனியம் 106 என்பது ஒன்று. ஏறத்தாழ ஓராண்டில் அதன் அளவு பாதியாகும். கடல்நீரில் பரந்துபட்ட அதனை லேவர்ப் பாசி திரட்டிக்கொண்டது. பாசியை உண்டவர் குடலுக்குள் அது சென்றது. ஆலைக்கு மிக அருகில் வாழ்பவரைவிட, ஆலையைக் கண்ணாலும் காணாத ஒருவர், காலையுணவின் வழியே அதன் கழிவைத் தம் உடலில் ஏற்கும் நிலை உண்டாயிற்று. நீரை மட்டும் அளந்தவர் இதனைக் கண்டிருக்க மாட்டார். உணவுப் பழக்கத்தையும் பாசியின் பசியையும் சேர்த்து எண்ணியவரே கண்டனர்.

இவ்விடத்தில் அந்நாட்டு அறிவியலாரைப் பாராட்டாமல் இருத்தல் முறையன்று. லோஸ்டாஃப்ட் என்னும் ஊரிலிருந்த அரசு மீன்வள ஆய்வுக்கூடத்தார் கரையோரம் சென்று பாசியைத் திரட்டி அளந்தனர். அதனோடு நில்லாமல், யார் பாசியப்பம் உண்கின்றனர், எவ்வளவு உண்கின்றனர் என்று ஆராய்ந்தனர். நாட்டு மக்கள் அனைவரையும் கூட்டி வகுத்துச் சராசரி கண்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு தூசியினும் சிறிய அளவாகத் தோன்றியிருக்கும். அவ்வாறு செய்யாமல், மிகுதியாக உண்பவரைத் தனியே பிரித்தெடுத்து, அவருக்குத் தீங்கு வாராத அளவே எல்லையாதல் வேண்டும் என்றனர். மிகுதியும் இடருக்கு உள்ளாகும் சிறு குழுவை அளவுகோலாகக் கொள்ளும் இம்முறையைப் பின்னர்ப் பிற நாடுகளும் மேற்கொண்டன. சராசரி என்னும் போர்வையில் சிலருடைய துன்பத்தை மறைப்பது எத்துறையிலும் எளிது. அப்போர்வையை விலக்கியது அறம் சார்ந்த செயலே.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் படித்தால் வேறொன்று தோன்றும். இவ்வளவு பாசி உண்பவர் உடலில் இவ்வளவு கதிரியக்கம் சேரலாம். ஆதலின் பாசியில் இவ்வளவு இருக்கலாம். ஆதலின் கடலில் இவ்வளவு ஊற்றலாம். பாதுகாப்புக்காக வகுத்த எல்லை, ஊற்றுவதற்கு உரிமை தரும் சீட்டும் ஆயிற்று. 1958இல் ஜெனீவா நகரில் அணுவாற்றலின் அமைதிப் பயன்களைப் பற்றி ஐக்கிய நாடுகள் கூட்டிய மாநாட்டில், விண்ட்ஸ்கேல் கழிவைப் பற்றிப் பேசிய ஜான் டன்ஸ்டர் என்னும் அறிஞர், கடலில் கழிவின் போக்கை அறிவதற்கு அளக்கத்தக்க அளவு கதிரியக்கம் வேண்டியிருந்தமையால், விடும் அளவை மிகக் குறைத்து வைக்காமல் வேண்டுமென்றே விட்டதும் உண்டு என்னும் கருத்தை வெளிப்படையாகவே கூறினார். மறைக்காமல் கூறியது அவர் நேர்மை. எனினும், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் இருக்கும் இடத்தில் இங்கே ஒரு கடல் இருந்தது. அக்கடலின் பாசியை உண்ணும் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் அக்கணக்கில் ஓர் எண்ணாக இடம்பெற்றனர். முடிவு செய்வோராக இடம்பெறவில்லை. எண்ணிக் காத்தார்கள் அல்லவா என்று கேட்பவர் உண்டு. காத்தது மெய்தான். ஒருவரைக் காப்பதாகச் சொல்பவர், எவ்வளவு இடரை அவர்மேல் சுமத்தலாம் என்பதைத் தாமே வரையறுத்துக்கொள்வது முழுமையான காவல் ஆகாது.

காவலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் நிலத்திலேயே ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் விண்ட்ஸ்கேலின் உலை ஒன்றில் தீப்பற்றியது. கதிரியக்க அயோடின் காற்றில் பரந்து புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுக்களின் பாலில் அது திரண்டது. அயோடினைப் பால் காட்டிக்கொடுக்கவே, ஏறத்தாழ 500 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைச் சில வாரங்கள் விற்கவிடாமல் கொட்டினர். கடலில் பாசி செய்யும் பணியை நிலத்தில் பசு செய்தது. அங்கே சான்று கிடைத்தவுடன் உணவை நிறுத்தினர். கடலிலோ சான்றைக் கேட்டுக்கொண்டே குழாயைத் திறந்து வைத்திருந்தனர். முன்னது நேர்ச்சி, பின்னது ஒழுங்குமுறை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. நேர்ச்சிக்கு அஞ்சும் மனிதர் ஒழுங்குமுறைக்கு அஞ்சுவதில்லை.

பாசியின் சான்றை எடுப்பதும் எளிய வேலையன்று. கடல் வற்றும் வேளை பார்த்துப் பாறைக்குச் செல்ல வேண்டும். குறித்த இடத்தில் குறித்த வகைப் பாசியையே பறிக்க வேண்டும். கொப்புளப்பாசியைப் பறித்தவர் மறுமுறை முடிச்சுப்பாசியைப் பறித்தால் கணக்கு கெடும். நுனி இளையது, அடி முதியது. ஆதலின் எப்பகுதி என்பதும் பொருட்டாகும். கோடையில் பாசி விரைந்து வளரும், குளிர்காலத்தில் தளரும், ஆதலின் பருவமும் நோக்க வேண்டும். ஒட்டிய மணலையும் சேற்றையும் சிறு நத்தைகளையும் அலசி நீக்காவிடில், சேற்றிலுள்ள கதிரியக்கம் பாசியின் கணக்கில் ஏறிவிடும். பின்னர் உலர்த்திப் பொடியாக்கி, ஈயச்சுவர் சூழ்ந்த கருவியில் வைத்து எண்ணுவர். டெக்னீசியம் போன்றவற்றை அவ்வாறு நேரே எண்ண இயலாது. வேதியியல் முறையால் முதலில் பிரித்தெடுத்தல் வேண்டும். திங்கள்தோறும் ஆண்டுதோறும் ஒரே பாறைக்குச் சென்று ஒரே செயலைச் செய்யும் பொறுமை இதற்கு வேண்டும். புகழ் தரும் வேலை அன்று இது. ஆயினும் இத்தகைய வேலையின்மேல்தான் நம்பிக்கை நிற்கிறது.

சான்று எவ்வளவு நல்லதாயினும் ஒருவர் சான்றே எல்லாவற்றுக்கும் போதாது. 1970களில் கம்பர்லாந்துக் கரையில் விற்பனைக்காகப் பாசி பறிக்கும் தொழில் நின்றுபோயிற்று. தெற்கே போகும் மூட்டைகளும் நின்றன. அக்காலத்திலேயே ஆலையின் நீர்த்தொட்டிகளில் நெடுநாள் கிடந்த எரிபொருளின் உறை அரிப்புற்று, சீசியம் 137 மிகுதியாகக் கசிந்து கடலை அடைந்தது. 1975இல் மட்டும் குழாய்வழிச் சென்ற சீசியம் ஏறத்தாழ 5,200 டெராபெக்கரல். நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல். டெராபெக்கரல் என்பது அதனினும் ஓர் இலட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய செய்தியை உரக்கச் சொல்லப் பாசியால் இயலவில்லை. சீசியத்தின்பால் அதற்கு நாட்டம் குறைவு. சில பத்து மடங்கே அது திரட்டும். சீசியத்தின் செய்தியை மீனின் தசை சொன்னது. புளூட்டோனியத்தின் செய்தியைக் கழிமுகத்துச் சேறு சொன்னது. பாசி ஒன்றையே நம்பி, பாசியில் குறைவு ஆதலின் கடலில் குறைவு என்று அமைந்திருந்தால் பிழையாகியிருக்கும். தான் அறிந்ததை அறிந்தபடி சொல்வது சாட்சியின் கடமை. அறியாததை அவன்மேல் ஏற்றுவது கேட்பவன் குற்றம்.

1983ஆம் ஆண்டு நவம்பரில் அக்கடற்கரை உலகின் கவனத்தைக் கவர்ந்தது. ஆலையிலிருந்து செல்லத்தகாத கழிவு குழாய்வழியே கடலுக்குச் சென்று, எண்ணெய்ப்படலம்போல் மிதந்து, கரையில் ஒதுங்கியது. கரையொதுங்கிய பொருள்கள் சிலவற்றில் கதிரியக்கம் மிக மிகுதியாக இருந்தது. பல கிலோமீட்டர் நீளக் கடற்கரைக்குத் தேவையின்றிச் செல்ல வேண்டா என்று அரசு மக்களை எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை பல திங்கள் நீடித்தது. ஆலையை நடத்திய நிறுவனத்துக்கு 1985இல் நீதிமன்றம் 10,000 பவுன் தண்டம் விதித்தது. ஒரு கரையின் மதிப்பு அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. எனினும் தண்டத்தினும் பெரிய பயன் ஒன்று விளைந்தது. குழாயில் எவ்வளவு விடலாம் என்று மட்டும் எண்ணியிருந்தவர், எவ்வளவு குறைக்க இயலும் என்று எண்ணத் தலைப்பட்டனர். புதிய வடிகட்டும் நிலையங்கள் எழுந்தன. சீசியத்தின் அளவு மிகவும் தாழ்ந்தது.

நல்ல நோக்கத்தோடு செய்த செயலும் எதிர்பாராத பக்கத்தில் தீங்கு தரலாம் என்பதைப் பாசி பின்னொரு முறை காட்டியது. பல்லாண்டுகளாகத் தொட்டிகளில் தேங்கிய கழிவிலிருந்து புளூட்டோனியத்தையும் அமெரிசியத்தையும் நீக்குவதற்காக 1994இல் ஒரு நிலையம் செல்லாஃபீல்டில் இயங்கத் தொடங்கிற்று. அவ்விரண்டையும் அது நன்கு நீக்கியது. ஆனால் டெக்னீசியம் 99 என்பதை அது தடுக்கவில்லை. தடுக்காததைக் கடலில் விடுவதற்கு இசைவாக அரசு ஆண்டுக்கு 200 டெராபெக்கரல் வரை எல்லையை உயர்த்திக் கொடுத்தது. டெக்னீசியம் இயற்கையில் காண்பதற்கரிய தனிமம். 1937இல்தான் மனிதர் அதனைச் செயற்கையாகக் கண்டறிந்தனர். டெக்னீசியம் 99 பாதியாகக் குறைய இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடல்நீரில் கரைந்து, நீரோட்டத்தோடு தொலைதூரம் செல்வது அதன் இயல்பு.

சில ஆண்டுகளில் அது ஐரிஷ் கடலைக் கடந்து, ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றி, வடகடலைத் தாண்டி, நார்வே நாட்டின் கரையை அடைந்தது. அடைந்த செய்தியைச் சொன்னது கொப்புளப்பாசி. நார்வே நாட்டு அறிவியலார் தம் கரைப்பாறையில் பறித்த பாசியில் டெக்னீசியம் ஏறிவருவதைக் கண்டனர். ஐரிஷ் கடலின் கல்லிறாலிலும் அது சேர்ந்திருந்தது. நார்வேயின் கரையில் கண்ட அளவு உண்பவர் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவன்று. இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் நார்வே மக்கள் எழுப்பிய கேள்வி வேறு. மீன்வளத்தை நம்பி வாழும் நாடு அது. எங்கள் கடலில் எவ்வளவு கலக்கலாம் என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி வரையறுக்கும் என்று அவர்கள் கேட்டனர். அண்டை வீட்டான் தன் குப்பையை என் முற்றத்தில் கொட்டிவிட்டு, இது நோய் தரும் அளவன்று என்று சொன்னால், அவன் சொல் மெய்யாயிருப்பினும் விடை ஆகாது. அயர்லாந்தும் இதே கேள்வியைக் கேட்டது.

கேள்வி வீண்போகவில்லை. வடகிழக்கு அட்லாண்டிக் கடலைக் காப்பதற்காக உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளின் அமைச்சர்கள் 1998இல் போர்ச்சுகல் நாட்டுச் சின்ட்ரா நகரில் கூடிக் கதிரியக்கக் கழிவைப் படிப்படியாகக் குறைக்க இசைந்தனர். 2000இல் டெக்னீசியத்தின் எல்லை 90 டெராபெக்கரலாகக் குறைந்தது. கழிவிலிருந்து டெக்னீசியத்தைப் பிரித்துத் திண்மப் பொருளாக்கி நிலத்திலேயே வைத்துக்கொள்ளும் வேதியியல் முறையை ஆலையார் 2004இல் மேற்கொண்டனர். 2006இல் எல்லை 10 டெராபெக்கரல் ஆயிற்று. இயலாது என்றும் செலவு மிகும் என்றும் முன்னர்ச் சொல்லப்பட்டது, கேட்பவர் விடாது கேட்டபோது இயன்றது. நார்வேயின் கையில் படையும் இல்லை, ஆங்கில ஆலையின் சாவியும் இல்லை. ஆண்டுதோறும் பறித்த பாசியின் கணக்கு இருந்தது.

அளக்கும் கை யாருடையது என்பதே இதில் முதன்மையானது. கழிவை விடுவோர் தாமும் அளக்க வேண்டும். அது அவர் கடமை. அரசின் ஆய்வாளர் தனியே அளக்க வேண்டும். அதனோடு, ஊற்றுவதால் பயன் ஒன்றும் பெறாத அண்டை நாட்டாரும் தம் கரையில் தாமே அளக்க வேண்டும். மூவர் கணக்கும் அச்சில் வெளிவந்து, யாவரும் ஒத்துப் பார்க்கும் நிலை வேண்டும். ஆங்கில நாட்டில் உணவிலும் சூழலிலும் உள்ள கதிரியக்கத்தைப் பற்றி ஆண்டறிக்கை வெளிவருகிறது. அதில் பாசியின் கணக்கு இடந்தோறும் வகைதோறும் அச்சிடப்பட்டுள்ளது. ஆலைக்குச் சார்பானவரும் எதிரானவரும் அதே ஏட்டைப் புரட்டி வாதிடுகின்றனர். எண்ணை மறைத்துவிட்டு நம்புங்கள் என்று சொல்லும் நாட்டைவிட, எண்ணைக் கொடுத்துவிட்டு வாதிடுங்கள் என்று சொல்லும் நாடு மேலானது. முன்னர்க் குறை கூறிய அந்நாட்டையே இவ்விடத்தில் புகழ நேர்கிறது. உண்மை அப்படி இருக்கிறது.

இவ்வாறு திறந்து அளப்பதால் குற்றமற்றவரும் காக்கப்படுவர். ஆங்கில நாட்டுக் கரைகளில் சிலவிடத்துப் பாசியில் அயோடின் 131 காணப்பட்டது. அது எட்டு நாளில் பாதியாகும் பொருள். ஆதலின் அண்மையில் விடப்பட்டதாகவே இருத்தல் வேண்டும். பக்கத்து அணு ஆலையின்மேல் ஐயம் செல்வது இயல்பு. ஆராய்ந்தபோது, மருத்துவமனைகளில் கழுத்துச் சுரப்பியின் நோய்க்கு அயோடின் ஊட்டப்பெற்ற நோயாளிகளின் கழிவே சாக்கடை வழியாகக் கடல் சேர்ந்திருக்கும் எனத் தெரிந்தது. என்ன வந்தது என்பதைப் பாசி சொல்லும். யார் விட்டார் என்பதை மனிதர்தாம் ஆராய வேண்டும். வெகுண்டு எழுந்து முன்னரே குற்றவாளியைத் தேர்ந்துகொண்டவர்க்கு இப்பொறுமை வாய்ப்பதரிது.

கம்பர்லாந்துக் கரையில் உண்பதற்காகப் பாசி பறிப்பவர் இல்லாதபோதும் அப்பாசியை அளப்பது ஏன் என்று சிக்கனம் பேசுவோர் கேட்கக்கூடும். உண்பவர் இல்லையென்றால் இடரும் இல்லை. இடர் இல்லையென்றால் செலவும் வேண்டா என்பது அவர் கணக்கு. ஆங்கில ஆய்வாளர் அக்கணக்கை ஏற்கவில்லை. கடலில் நேரும் மாற்றத்தை லேவர்ப் பாசி விரைந்து காட்டுகிறது என்பதனாலும், பழைய ஆண்டுகளின் கணக்கோடு ஒத்துப் பார்க்க இயலும் என்பதனாலும், நின்றுபோன பழக்கம் மீண்டும் தொடங்கக்கூடும் என்பதனாலும் அளவையை விடாது நடத்திவந்தனர். தெற்கு வேல்சு அங்காடிகளில் விற்கும் பாசியப்பத்தையும் வாங்கி ஆராய்ந்தனர். முறிந்த தொடரை மீண்டும் இணைக்க முடியாது. அளக்காமல் விட்ட ஓர் ஆண்டின் பாசியை மறு ஆண்டு யார் கொண்டுவந்து தருவார்? செலவைச் சுருக்குவோர் முதலில் கை வைப்பது இத்தகைய ஓசையற்ற வேலைகளின்மேல்தான். ஒன்றும் நேரவில்லை என்று ஆண்டுதோறும் எழுதும் ஏட்டை அவர்கள் வீண் என்று கருதுவர். ஒன்றும் நேரவில்லை என்பதை அறிந்து சொல்வதும் ஒரு செய்தி என்பது அவர்க்குத் தோன்றாது.

செல்லாஃபீல்டில் எரிந்த யுரேனியத்தைக் கரைத்துப் பிரிக்கும் வேலை 2018இல் ஓர் ஆலையிலும் 2022 சூலையில் மற்றோர் ஆலையிலும் முடிவுற்றது. எழுபது ஆண்டு நடந்த தொழில் நின்றது. பழைய தொட்டிகளையும் கட்டடங்களையும் தூய்மை செய்து முடிக்க இந்நூற்றாண்டு முழுவதும் போதுமா என்பது ஐயமே. அவ்வேலையிலும் கழிவுநீர் உண்டு. முன்னர்க் கடலடிச் சேற்றில் படிந்தவை புயலாலும் ஓட்டத்தாலும் கிளர்ந்து மீண்டும் நீரில் கலப்பதும் உண்டு. கடல் வற்றும் வேளையில் பாறைகளின்மேல் கால் வழுக்காமல் நடந்து சென்று, லேவர்ப் பாசியை ஒரு பையிலும் கொப்புளப்பாசியை மற்றொரு பையிலும் பறித்து, நாளையும் இடத்தையும் எழுதி ஒட்டிக்கொண்டு கரையேறும் ஆய்வாளருக்கு இன்னும் நெடுங்காலம் வேலை இருக்கிறது.